ஆணியில் மாட்டியிருந்த சாவி: ஆல்பேட்டை விபத்து வழக்கு ஒன்றின் ஆய்வு

நான் கடலூரில் வக்கீல். வாகன விபத்து வழக்குகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பெரும்பாலும் அடிபட்டவர்கள் பக்கம் ஆஜராவேன். இந்த வழக்கில் மட்டும் வண்டி உரிமையாளர் பக்கம். வழக்கு முடிந்துவிட்டது. ஓட்டியவன் அப்போது பதினெட்டு நிறையாதவன் என்பதால், அவனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் யாருக்கும் பெயர் இல்லை. தொழில், உறவு, தேதி என்று சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், ஆனா உங்களையும் சேர்த்து எழுதுங்க" என்றான்.

சரி, சம்பவத்துக்கு வருவோம்.

2022 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி. கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆல்பேட்டையைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, அதாவது புதுச்சேரி எல்லை. அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. வேறு சிலவும் குறைவுதான், அவை இந்த வழக்கில் வரவில்லை. டேங்க் காலியானால் எல்லை தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வருவது இங்கே பல வீடுகளில் உள்ள பழக்கம். ஐந்து லிட்டர் போட்டால் முப்பது ரூபாய் மிச்சமாகும்.

பையனுக்கு வயது பதினேழு, நாலு மாதம். பிளஸ் ஒன் முடித்திருந்தான். 125 சிசி பைக், அப்பா பேரில் 2019இல் வாங்கியது. பின்னால் அதே தெருவில் இருக்கும் நண்பன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கிடையாது. முள்ளோடையில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பாலத்தைத் தாண்டியதும் நண்பன் போனை எடுத்து ஓட்டுபவனின் தோளுக்கு மேலாக நீட்டி மீட்டரைப் படம் பிடிக்கிறான். பதினோரு விநாடி ஓடும் வீடியோ அது. முள் 84இல் நிற்கிறது. "மீட்டர் தெரியுதா பாரு" என்று ஒரு குரல், அப்புறம் சிரிப்பு. சம்பவம் அதற்குள் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வீடியோ நின்றுவிடுகிறது. அன்று மதியம்வரை அது யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்திருக்கிறது. விழுவதற்கு முன்பே நண்பன் அனுப்பியிருந்தான்.

அதே நேரத்தில், முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்த நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் சாலையோரம் இறங்குகிறார். ஞாயிறு என்பதால் கூடை நிறைய மீன். ஆட்டோக்காரர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுகிறார். அவர் இருபுறமும் பார்க்கிறார். வண்டி தூரத்தில் இருக்கிறது. நடக்கிறார்.

கடைசி நொடியில் பையன் வண்டியை ஒடித்ததால் முழுசாக மோதவில்லை. முன்னால் இருந்த கிராஷ் கார்டு அந்த அம்மாவின் இடது முழங்காலுக்குக் கீழே அடித்தது. இரண்டு எலும்பும் உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டன. பையனுக்குக் காறை எலும்பு முறிவு. நண்பன் தலை மோதி விழுந்தான். இன்றுவரை அவனுக்கு வாசனை தெரியாது.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுக்க யாரும் அதைச் சரியாகப் பேசவில்லை. எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருந்தது. எல்லா விபத்து எஃப்.ஐ.ஆரிலும் அப்படித்தான் இருக்கும், மாட்டு வண்டி மோதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எங்கள் வக்கீல் வட்டாரத்தில் கேலி உண்டு. பிரேக் சரியாக இருந்தது, இயந்திரக் கோளாறு காரணம் இல்லை என்று மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை சொன்னது. வேகம் எவ்வளவு என்று அதில் இருக்காது.

போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்சில் ஒரு புளியமரம் இருந்தது. வண்டி அந்த மரத்தருகே வரும்போதுதான் தான் கை காட்டிக் கத்தியதாக ஆட்டோக்காரர் சாட்சி சொன்னார். மரத்திலிருந்து மோதிய இடம் 46 மீட்டர். ஒருநாள் ராத்திரி என் மகளின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல். கண்டதிலிருந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்றால் 25 மீட்டர் அதிலேயே போய்விடும். காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45. கூடைக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று, அந்த அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருப்பான்.

ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும், ஆகவே 84ஐ 80 என்று வைப்போம். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 33 மீட்டர் போய்விட்டது. மிச்சம் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். அதற்குள் எவ்வளவு குறையும்? 65க்குத்தான் குறையும். அதாவது 60இல் வந்தவன் நின்றிருக்கும் இடத்தில், 80இல் வந்தவன் 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவான். இருபது கிலோமீட்டர் கூடப் போனால் இருபது கிலோமீட்டர் அளவுக்குத்தான் ஆபத்து கூடும் என்று நானும் நினைத்திருந்தவன்தான். விடையைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். நான் உரிமையாளர் தரப்பு வக்கீல் என்பதால் அந்தக் காகிதத்தை மடித்துக் கட்டுக்குள் வைத்துவிட்டேன்.

அடிபட்ட நாற்பதாவது நிமிடம் பையன் அரசு மருத்துவமனையில் இருந்தான். பணியிலிருந்த டாக்டர் விபத்துப் பதிவேட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவார். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். அதில் பையன் சொன்னதாகப் பதிவானது: தான் பைக் ஓட்டி வந்து, ரோட்டைக் கடந்த பெண் மீது மோதிவிட்டதாக. அம்மா, அப்பா, மாமா யாரும் வந்து சேரவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காறை எலும்பு உடைந்த வலியோடு அவன் "நான்தான் ஓட்டினேன்" என்று சொன்னான். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று இரண்டு தடவை கேட்டதாகப் பின்னால் நர்ஸ் ஒருவர் சொன்னார்.

அன்று சாயங்காலமே வீட்டில் வேறு பேச்சு. தாய்மாமாவுக்கு லைசென்ஸ் இருந்தது. "நான் ஓட்டுனதா எழுதிக்கட்டும்க்கா, புள்ள படிப்பு கெட்டுடக் கூடாது" என்று அவரே முன்வந்தார். ஆள் மாற்றுவது என்று இதற்குப் பேர். எத்தனை வழக்கில் நடக்கிறது என்று கேட்காதீர்கள். இதில் நடக்காமல் போனதற்குக் காரணம் யாருடைய நேர்மையும் இல்லை, அந்த ஏ.ஆர். காப்பி ஏற்கெனவே இருந்ததுதான். "இவன் ஏன் வாயைத் திறந்தான்?" என்று மாமா என் ஆபீஸில் உட்கார்ந்து வருத்தப்பட்டார். பையன் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பாலிசி இருக்கா?" இருந்தது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது டூவீலர்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், 2024வரை ஓடும் பாலிசி. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதியை முதல் வருடத்தோடு விட்டுவிட்டார்கள். அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப இன்சூரன்ஸ் பாத்துக்கும்ல சார்?"

இரண்டாவதாக நான் சொன்னது ஒரு புத்திமதி: "ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாவைப் பார்க்காதீங்க. போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." என் சீனியர் எனக்குச் சொன்னது, அவருக்கு அவர் சீனியர் சொல்லியிருப்பார். சட்டத்தில் இதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. அடிபட்டவரைப் போய்ப் பார்த்ததால் மட்டும் எந்தத் தீர்ப்பாயமும் ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. பையன் "நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான். அவன் அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாவது, எதிருரை, அதாவது நீதிமன்றத்தில் நாங்கள் கொடுக்கும் பதில். சிறுவன் ஓட்டி விபத்து நடந்தால் பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளி என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது ஆகும்வரை பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் அப்பா தலையில். "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்றார் அப்பா. நான் எழுதிக்கொண்டேன். "காலையில ஏழு மணிக்கு எதுக்குப் போனான்?" என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அம்மா 2022 நவம்பரில் எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு, போட்டார். அதற்குள் மூன்று ஆபரேஷன். வெளியே கம்பி வைத்துக் கட்டியிருந்த இடத்தில் சீழ் வைத்து, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அலைந்திருக்கிறார்கள். மருத்துவக் குழு ஊனத்தை 40 சதவீதம் என்று கணித்தது. இங்கே அவர் தரப்பு வக்கீல் ஒரு நல்ல வேலை செய்தார். கூண்டில் நின்றவரிடம், "வியாபாரம் எப்படி உட்கார்ந்து செய்வீங்க, காட்டுங்கம்மா" என்றார். அந்த அம்மா கூண்டைப் பிடித்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்காரப் பார்த்தார். இடது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. அரிவாள்மனையைக் காலால் மிதித்துப் பிடிக்காமல் மீன் ஆய முடியாது. ஆய்ந்து தராத மீன்காரியிடம் யார் வாங்குவார்கள்?

மருத்துவர் சொல்லும் ஊன சதவீதம் வேறு, அதனால் அவர் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பாயம் வருமான இழப்பை 50 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. மாத வருமானம் 12,000. சுயதொழில், வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 15,000. நாற்பத்தாறு வயதுக்குப் பெருக்கும் எண் 13. பன்னிரண்டு மாதத்தாலும் அந்த 13ஆலும் பெருக்கிப் பாதியாக்கினால் 11,70,000 ரூபாய். வைத்தியச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்தவர் செலவு, மற்றவை எல்லாம் சேர்த்து 15,46,000.

அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தது நான். "ரோட்டைப் பார்க்காமல்தானே கடந்தீர்கள்?" என்றேன். கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "பார்த்துட்டுத்தான் போனேன் ஐயா. வண்டி தூரத்துல இருந்துச்சு" என்றார். அது உண்மை. சாதாரண வேகத்துக்கு அது தூரம்தான். அப்புறம் யாரும் கேட்காமலேயே, "இத்தனை கேள்வி கேக்கறீங்க, ஒருத்தரும் ஒரு நாள் எட்டிப் பாக்கலையே" என்றார். தட்டச்சர் நீதிபதியின் முகத்தைப் பார்த்தார். நீதிபதி அதைத் தட்டச்சு செய்யச் சொல்லவில்லை. வழக்குக்குத் தேவையில்லாத வார்த்தை. வாக்குமூலத்தில் அந்த வரி இல்லை.

அடுத்து அப்பா. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாதவர்.

"வண்டிச் சாவி வீட்டுல எங்க இருக்கும்?"

"டிவிக்குப் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கும் சார்."

"பையனுக்கு எட்டுமா?"

"எட்டும் சார்."

"அதுக்கு முன்னாடி எடுத்திருக்கானா?"

"கடை கண்ணிக்குப் போவான் சார்."

"அன்னிக்கு எந்தக் கடைக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தது போதும், நீதிபதியும் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பெட்ரோல் போட்டுட்டு வரச் சொன்னேன் சார்" என்றார். நான் எழுதிய எதிருரையின் நாலாவது பத்தி அத்தோடு போனது. உண்மையைச் சொன்னதும் அவர் முகம் லேசானதைத்தான் நான் கவனித்தேன்.

அந்த வீடியோ சான்றாவணம் ஆகவில்லை. மின்னணுப் பதிவுக்கு அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழைத் தர யாரும் வரவில்லை. ஆனால் எல்லாத் தரப்பு வக்கீலும் அதைப் பார்த்திருந்தோம்.

2025 தொடக்கத்தில் தீர்ப்பு. உரிமம் இல்லாதவன் ஓட்டினால் பாலிசி நிபந்தனை மீறல். அதற்காக அடிபட்டவரைக் கைவிட முடியாது, காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004இல் ஸ்வரண் சிங் வழக்கிலிருந்து வரும் வழி. "பே அண்ட் ரெக்கவரி" என்று கோர்ட் வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். வட்டியோடு பதினெட்டு லட்சத்தைத் தாண்டிய தொகையை நிறுவனம் கட்டியது. கட்டிய கையோடு, அதை வசூலிக்க அதே தீர்ப்பாயத்தில் அப்பா மீது நிறைவேற்று மனு. தனி வழக்கு போடத் தேவையில்லை. வீடு ஜப்திக்கு வந்து, நகையை விற்றுப் பாதி, மீதிக்குத் தவணை. "இன்சூரன்ஸ் பாத்துக்கும்" என்ற அப்பாவின் நம்பிக்கை தப்பில்லை. யாரைப் பார்த்துக்கொள்ளும் என்பதில்தான் ஏமாந்தார்.

நண்பன் வீட்டார் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் காப்பீடு கை கொடுத்திருக்காது. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி, டூவீலரின் பின்னால் சும்மா உட்கார்ந்து வருபவரை உள்ளடக்காது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு குடும்பமும் தெருவில் பேசிக்கொள்வதில்லை.

199ஏ வழக்கில் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், கோர்ட் கலையும்வரை சிறை. சாயங்காலம்வரை கோர்ட் ஹாலில் ஓரமாக நின்றார். பையன் விஷயத்தில் இளைஞர் நீதிக் குழுமம் அறிவுரை சொல்லி, சில வாரம் சமூக சேவை செய்யச் சொன்னது. அந்தப் பதிவு அவனுடைய எதிர்காலத்துக்குத் தடையாக நிற்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

என் மனத்தில் முள்ளாக இருப்பது வேறு. வேகமாகப் போனது அவன். மீட்டரைக் காட்டச் சொன்னதும் அவன். வயது, ஹார்மோன், சினிமா என்று சொல்லி அதைக் குறைக்க நான் தயாரில்லை, அவனும் தயாரில்லை. ஆனால் முதல் நாற்பது நிமிடத்தில் அதை அவன் தானாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அப்புறம் மூன்று வருடம் மாமா, அப்பா, நான் எல்லோரும் சேர்ந்து அதை அவன் தோளிலிருந்து இறக்கப் பாடுபட்டோம். மாமா ஆளை மாற்றப் பார்த்தார், அப்பா தான் அனுப்பியதை மறைத்தார், நான் "போகாதே" என்றேன். மூன்றுமே பாசத்திலும் தொழில் பழக்கத்திலும் செய்தவை. அந்த மூன்று வருடத்தில் பையன் ஒரு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டிருந்தான்: "ஆக்சிடென்ட் ஆயிடுச்சு." மருத்துவமனையில் சொன்னது "மோதிட்டேன்." தானாக ஆனதா, நான் செய்ததா என்பதைத் தமிழில் மறைக்க முடியாது, வினைச்சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் அவனை "டேன்"இலிருந்து "டுச்சு"க்குக் கொண்டுவந்துவிட்டோம்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் வந்து இறங்கினான். இருபது வயது. லைசென்ஸ் எடுக்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அந்த அம்மாவின் வீடு எங்கே என்று மனுவில் இருக்குமே என்று கேட்டான். நான் அந்தத் தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டு, அந்த அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். "வரட்டும்" என்றாராம். இவனுக்குப் புத்திமதி ஏதும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த புத்திமதி எப்படிப்பட்டது என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று.

மறுநாள் மாலை மறுபடி வந்தான். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா காலைப் பற்றிப் பேசவே இல்லையாம். வந்த பணத்தில் மகனுக்கு ஆட்டோ வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவனை உட்காரச் சொல்லிவிட்டு அவர் முதலில் சொன்னது அந்தக் கூடையைப் பற்றி. அன்று கூடை நிறைய சங்கரா. கடனுக்கு எடுத்தது. ரோட்டில் கொட்டியதை யாரும் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே ஏலக்காரர் ஆள் விட்டுக் கேட்டு, இரண்டாயிரத்து நானூறையும் மகள் காதுத் தோட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"அந்தக் காசு மனுவுல இருக்கா சார்?" என்றான்.

கட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். இழப்பீட்டுப் பட்டியலில் பத்தாவது வரி: துணிமணி சேதம், 1,000 ரூபாய். மீன் எங்கேயும் இல்லை. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் 2,400 என்று எழுதிக்கொண்டு, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.